ரெப்ளிகா கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன்: எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

கேரல் ஷெல்பி 1962இல் பிரிட்டனின் ஏ.சி. ஏஸ் காரில் ஃபோர்டு வி8 எஞ்சினை இறக்கி உருவாக்கிய கோப்ரா, மொத்தம் சுமார் ஆயிரம் வண்டிகளோடு நின்றுபோனது. போர்ஷே 550 ஸ்பைடர் சுமார் 90தான். ஃபெராரி 250 ஜிடிஓ நாற்பதைக்கூட எட்டவில்லை. இவற்றின் அசல் ஏலத்துக்கு வந்தால் நம்மைப் போன்றவர்கள் வேடிக்கைதான் பார்க்க முடியும். அதனால் சாலையில் கண்ணில் படும் கோப்ராக்களில் ஏறக்குறைய எல்லாமே ரெப்ளிகாக்கள், அதாவது அசலின் வடிவில் பின்னாளில் கட்டிய நகல்கள். அதில் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை. நன்றாகக் கட்டிய ரெப்ளிகா அசலைவிட நன்றாக பிரேக் பிடிக்கும், கீறல் விழுமோ என்ற பயமில்லாமல் ஓட்டவும் செய்யலாம்.

சிக்கல் அந்த ‘நன்றாகக் கட்டிய’ என்பதில்தான் இருக்கிறது. வழக்கமான பழைய கார் என்றால் மாடலையும் ஆண்டையும் விசாரித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அந்த மாடலில் எது துருப்பிடிக்கும், எது உடையும் என்று எல்லா மெக்கானிக்குக்கும் அத்துப்படி. ரெப்ளிகாவில் இது செல்லாது. ஒரே கம்பெனியின் ஒரே கிட்டை, அதாவது நாமே கட்டிக்கொள்ளத் தரும் பாகத் தொகுப்பை, வாங்கி இரண்டு பேர் கட்டினால் இரண்டு வெவ்வேறு கார்கள் வெளியே வரும். நீங்கள் விலை கொடுப்பது முகம் தெரியாத ஒருவரின் கைவேலைக்கு. ஆகவே பார்க்க வேண்டிய வரிசையும் மாறுகிறது: முதலில் காகிதம், பிறகு கட்டிய ஆள், பிறகு வண்டியின் அடிப்பகுதி, அதற்கப்புறம்தான் பாடியும் எஞ்சினும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயின்டைப் பார்த்து, எஞ்சின் உறுமலைக் கேட்டு, மனத்துக்குள் வாங்கியே முடித்துவிட்டுத்தான் பதிவுச் சான்றைக் கையில் வாங்குகிறார்கள்.

இது எந்த வகை ரெப்ளிகா?

விளம்பரத்தில் ‘கோப்ரா ரெப்ளிகா’ என்று மட்டும் போட்டிருந்தால் அது ஒன்றும் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, யாருடைய தயாரிப்பு என்பதுதான்.

சூப்பர்ஃபார்மன்ஸ் போன்றவர்கள் பாடி, பெயின்ட், சஸ்பென்ஷன், ஒயரிங் எல்லாம் முடித்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் மட்டும் பிறகு ஏற்றும்படி வண்டியைக் கொடுக்கிறார்கள். இவற்றில் வண்டிக்கு வண்டி வித்தியாசம் குறைவு. ஃபேக்டரி ஃபைவ் 1995 முதல் விற்றுவருவது கிட். சேசிஸும் (வண்டியின் அடிச்சட்டகம்) பாடியும் பெட்டி பெட்டியாகப் பாகங்களும் வரும், மற்றது வாங்கியவர் பாடு. கிர்க்கம் தயாரிப்பில் பாடி அலுமினியம். அது வேறு விலை, வேறு உலகம். கேட்டர்ஹாம் செவனை ரெப்ளிகா என்று சொன்னால் அதை வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். 1973இல் லோட்டஸிடமிருந்து முறையாக உரிமை வாங்கித் தொடர்ந்து தயாரிக்கும் வண்டி அது, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இன்னொரு பெரிய கூட்டம், வேறொரு காரின் மேல் புது உடலை மாட்டியவை. போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் ரெப்ளிகாக்களில் பெரும்பாலானவற்றின் அடியில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இருக்கும். ஃபெராரி 308 சாயலில் இருப்பது போன்டியாக் ஃபியரோவாக இருக்கலாம், 250 ஜிடிஓ சாயலில் இருப்பது டாட்சன் 240இசட்டாக இருக்கலாம். பாகம் கொடுத்த அந்த அடிப்படைக் காரை டோனர் கார் என்பார்கள். உங்களுக்கு ஸ்பேர் கிடைப்பதும் மெக்கானிக் கிடைப்பதும் அந்தப் பெயரில்தான். கூட அழைத்துப் போகும் மெக்கானிக்கும் அந்த டோனரை அறிந்தவராக இருக்கட்டும். அசல் கோப்ராவின் வரலாற்றை ஒப்பிக்கும் நண்பரைவிட, சில பிரிட்டிஷ் கோப்ரா ரெப்ளிகாக்களுக்குப் பாகம் கொடுத்த ஜாகுவார் எக்ஸ்ஜே6இன் பின்பக்கத்தைக் கழற்றி மாட்டிய ஒருவர் நூறு மடங்கு உதவுவார்.

காகிதங்கள்

பதிவுச் சான்றில் இந்தக் கார் என்னவாக எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 1998இல் கட்டிய வண்டி ‘1965’ என்று மட்டும் பதிவாகியிருந்தால், அது ரெப்ளிகா என்ற சொல்லே எங்கும் இல்லையென்றால், அந்தப் பொய் விற்றவரோடு போகாது. நாளை இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும், வேறு ஊருக்கோ நாட்டுக்கோ பதிவை மாற்றும்போதும், அடுத்தவருக்கு விற்கும்போதும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். சேசிஸ் எண்ணைக் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். எண் சேசிஸ் இரும்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறதா, இல்லை ரிவெட் அடித்த தகடு மட்டும்தானா? தகடு மட்டும் என்றால், கிட் தயாரித்த கம்பெனிக்கு அந்த எண்ணை அனுப்பி, எந்த ஆண்டு என்ன கிட்டாக விற்றார்கள் என்று கேளுங்கள். இயங்கிக்கொண்டிருக்கும் கம்பெனிகள் பல, இதற்குப் பதில் தருவார்கள்.

விதிகள் இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனில் இப்படிக் கட்டிய வண்டிகள் ஐ.வி.ஏ. என்ற தனி வாகனப் பரிசோதனையைத் தாண்ட வேண்டும். வயதையோ அடையாளத்தையோ உறுதிசெய்ய முடியாதவற்றுக்கு ‘க்யூ’ எழுத்தில் தொடங்கும் பதிவெண் கொடுப்பார்கள், அது மறுவிற்பனை விலையை இறக்கும். கலிஃபோர்னியாவில் இத்தகைய தனிக் கட்டுமான வண்டிகளுக்கான புகை விதிச் சலுகை ஆண்டுக்கு 500 வண்டிகளுக்கு மட்டும். உங்கள் இடத்தில் என்ன விதி என்பதை வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு செய்ய முடியாத கார் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கொட்டகைக்குள்தான் நிற்கும்.

சின்னங்கள் விஷயமும் இங்கேயே. துள்ளும் குதிரைச் சின்னம் ஒட்டிய ஃபெராரி நகல்களில் சட்டச் சிக்கல் உண்டு. சின்னம் இல்லாமலேகூட, டேடோனா ஸ்பைடர், டெஸ்டரோசா வடிவங்களை நகல் எடுத்து விற்றவருக்கு எதிராக 1991இல் ஒரு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபெராரி பக்கம் தீர்ப்பளித்தது.

பதிவுச் சான்றுக்கு அடுத்து நான் கேட்பது கட்டுமானக் கோப்பு. கிட்டோடு வந்த கையேடு, ரசீதுகள், கட்டும்போது எடுத்த படங்கள். கூடவே ஒரு பாகப் பட்டியலும் வேண்டும்: முன் பிரேக் பேடு எந்தக் காருடையது, வாட்டர் பம்ப் எது, கிளட்ச் தட்டு எது, வீல் பேரிங் எது. இந்தப் பட்டியல் இல்லாத வண்டியில் ஒரு சாதாரண பேடு மாற்றவும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடை கடையாக அலைய வேண்டும். எஞ்சின் மாற்றியமைக்கப்பட்டது என்றால் கேம் ஷாஃப்டின் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) விவர அட்டையையும் கேளுங்கள். அது இல்லாமல் பின்னாளில் டியூனிங் செய்பவர் இருட்டில் தடவுவார்.

கட்டியவரிடம் பேசுவது

விற்பவரே கட்டியவர் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். “ஏன் இந்த கியர்பாக்ஸைத் தேர்ந்தெடுத்தீர்கள்?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். உண்மையாகவே கட்டியவர் அரை மணி நேரம் பேசுவார். எது சரியாக வரவில்லை, எதை இரண்டாம் முறை கழற்றினார் என்பதெல்லாம் தானாகவே வெளிவரும். குறையே இல்லை என்று சொல்பவரைவிட, இடது கதவு இன்னும் கொஞ்சம் உரசுகிறது என்று தானாகச் சொல்பவரை நான் நம்புவேன். அவருடைய வேலையிடத்தையும் கவனியுங்கள். டார்க் ரெஞ்ச் (நட்டை அளந்த விசையில் முடுக்கும் கருவி) இருக்கிறதா? நட்டு போல்ட்டுகள் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றனவா? விற்பவர் மூன்றாவது உரிமையாளர், கட்டியவர் யாரென்றே தெரியாது என்றால், கோப்பு பேச வேண்டும். கோப்பும் இல்லை என்றால் அடுத்த பகுதியில் இரட்டிப்பு நேரம் செலவிடுங்கள்.

வண்டிக்கு அடியில்

டார்ச், சிறு கண்ணாடி, அளவு நாடா, அழுக்கானால் கவலையில்லாத உடை. லிஃப்ட் உள்ள இடத்தில் பார்ப்பதே நல்லது. இல்லையென்றால் ஸ்டாண்டுகள் கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம்.

முதலில் வெல்டிங். தொழிற்சாலையில் வந்த வெல்டும் வீட்டில் சேர்த்த வெல்டும் பார்த்தாலே வேறுபடும். வீட்டில் சேர்த்தது எதற்காகச் சேர்க்கப்பட்டது? எஞ்சின் மவுன்ட், கியர்பாக்ஸ் குறுக்குச் சட்டம், சீட் பெல்ட் பிடிமானம், ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் குழாய்) பாதம் ஆகிய நான்கு இடங்களையும் தேடிப் பாருங்கள். ரோல் பார் சேசிஸ் குழாயோடு இணைந்திருக்க வேண்டும். வெறும் ஃபைபர்கிளாஸ் பாடியில் வாஷர் வைத்து முடுக்கியிருந்தால் அது அலங்காரம் மட்டுமே. விபத்தில் பாடியைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். சீட் பெல்ட்டுக்கும் இதே கணக்குதான்.

பிறகு அளவு. முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம்வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். கோப்ரா என்றால் சுமார் 90 அங்குலம். எண் எதுவாக இருந்தாலும் இரு பக்கமும் ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம். ஓரிரு மில்லிமீட்டர் பரவாயில்லை. விரல் அகல வித்தியாசம் வந்தால், ஒன்று அடிபட்ட சேசிஸ் அல்லது தவறாகப் பொருத்திய சஸ்பென்ஷன்.

அடுத்தது எனக்குப் பிடித்த சோதனை. முன்பக்கம் ஒரு மூலையை மட்டும் ஜாக்கியில் சக்கரம் தரையை விடும்வரை தூக்கி, கதவைத் திறந்து மூடுங்கள். திறந்த கூரை வண்டி கொஞ்சம் முறுக்கும், அது இயல்பு. கதவு பிடித்துக்கொண்டு திறக்கவே மறுத்தால் சேசிஸ் பலவீனமானது அல்லது பாடி சேசிஸோடு சரியாகக் கட்டப்படவில்லை.

பீட்டில் அடிப்படையிலான ஸ்பீட்ஸ்டருக்குத் தனிக் கவனம் வேண்டும். பீட்டிலின் சக்கர இடைவெளி 2,400 மில்லிமீட்டர், போர்ஷே 356 உடையது 2,100. ஆகவே அடித்தட்டில் சுமார் 300 மில்லிமீட்டரை வெட்டி எடுத்து மறுபடி ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். நடு முதுகெலும்புக் குழாயைச் சுற்றி முழுதாக வெல்டிங் ஓடியிருக்கிறதா, உள்ளே பலத்துக்குத் தகடு வைத்தார்களா என்று கேளுங்கள். கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள்கள் அந்தக் குழாய்க்குள்தான் ஓடுகின்றன, கியர் கம்பியும் அதற்குள்தான். ஒட்டு கோணலாக இருந்தால் கியர் போடும்போதே கை சொல்லிவிடும். அடித்தட்டு எங்கெல்லாம் துருப்பிடிக்கும் என்பதற்குப் பீட்டில் தெரிந்தவர்களிடம் வரைபடமே இருக்கும், பேட்டரிக்குக் கீழே முதலில் பாருங்கள். 1960களின் பெரும்பாலான பீட்டில்களில் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், அதாவது சக்கரம் ஏறி இறங்கும்போது அதன் சாய்வும் மாறும் அச்சு. வேகமாக வளைவில் போய் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். எஞ்சின் சக்தியைக் கூட்டியிருக்கும் வண்டியில் ஸ்விங் ஆக்சில் இருந்தால் நான் தயங்குவேன்.

ஜாகுவார் பின் ஆக்சில் போட்ட பிரிட்டிஷ் கோப்ராக்களில் பிரேக் டிஸ்க் சக்கரத்துக்குள் இருக்காது, டிஃபரன்ஷியலை (இரு பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒட்டி நடுவில் இருக்கும். டிஃபரன்ஷியல் சீல் கசிந்தால் எண்ணெய் நேராக டிஸ்க்கில் படும். அதைச் சரிசெய்ய பெரும்பாலும் முழுத் தொகுப்பையும் கீழே இறக்க வேண்டியிருக்கும், கூலி நினைத்ததைவிடப் பெரிதாக வரும். டார்ச்சை அங்கே அடித்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாடி

ஃபைபர்கிளாஸ் துருப்பிடிக்காது, ஆனால் பொய் சொல்லும். பெயின்ட் கடைகளில் வைத்திருக்கும் காந்தத் தடிமன் மானி இதில் வேலை செய்யாது. அல்ட்ராசோனிக் வகை வேண்டும். அது இல்லாவிட்டால் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். ஒரே சத்தமாக வந்துகொண்டிருந்தது திடீரென்று மந்தமாக மாறினால் அங்கே பட்டி கனமாக அப்பியிருக்கிறார்கள் அல்லது அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. உண்மை எப்போதும் உள்பக்கத்தில் இருக்கும். சக்கர வளைவுக்குள், பானெட்டின் அடியில், டிக்கி ஓரத்தில் டார்ச் அடித்தால் பழுதுபார்த்த ஒட்டுத் துணி தனி நிறத்தில் தெரியும்.

நட்சத்திரம் போலக் கிளம்பும் மெல்லிய விரிசல்கள் கதவுக் கீல், பானெட் மூலை, விண்ட்ஷீல்டு கால் ஆகியவற்றைச் சுற்றியிருந்தால் பாடி அந்த இடங்களில் திணறுகிறது என்று பொருள். அவற்றின் மேல் பெயின்ட் மட்டும் அடித்தால் ஒரு பருவத்தில் மறுபடி தலைகாட்டும். கதவு இடைவெளிகள் அசல் கோப்ராவிலும் ஒன்றும் ஒழுங்காக இல்லை, அதற்காக விலை குறைக்கச் சொல்வது கொஞ்சம் அநியாயம். ஒரு பக்கம் மட்டும் இடைவெளி விரிந்து போவதுதான் கவலைக்குரியது.

சீட், கார்பெட், மீட்டர் முகப்பு எல்லாம் மாற்றக்கூடியவை. அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

எஞ்சினும் கியர்பாக்ஸும்

எஞ்சினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்லும் ‘427’ என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது ஃபோர்டின் பெரிய எஃப்.ஈ. வகை 427ஆக இருக்கலாம். ஃபோர்டின் இன்னொரு எஞ்சினான 351 விண்ட்ஸர் பிளாக்கின் ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் போய்வரும் தூரம்) கூட்டி 427 கன அங்குலம் ஆக்கியதாகவும் இருக்கலாம், அல்லது பக்கவாட்டில் ஒட்டிய வெறும் ஸ்டிக்கராகவும் இருக்கலாம். பிளாக்கில் வார்க்கப்பட்ட எண்ணைப் படமெடுத்துத் தேடினால் தெரிந்துவிடும். அசல் 427 கோப்ராக்கள் சிலவற்றிலேயே 428 எஞ்சின்தான் போட்டு விற்றார்கள் என்பது தனிக் கதை. விண்ட்ஸர் எடை குறைந்தது, பாகம் எளிதில் கிடைக்கும், பெரும்பாலானோருக்கு அதுவே மேல். ஆனால் எஃப்.ஈ. விலை சொல்லி விண்ட்ஸரைக் கொடுக்கக்கூடாது.

எஞ்சினுக்கு ஏற்ற கியர்பாக்ஸா என்பது அடுத்தது. மஸ்டாங்கில் வந்த டி5 கியர்பாக்ஸ் சுமார் 300 பவுண்டு-அடி முறுக்குவிசைக்கு ஏற்றது. அதன் முன்னால் 450 தரும் எஞ்சின் இருந்தால், தற்போது ஓடுகிறது என்பது ஆறுதலே அல்ல. இதே வண்டியில் இன்னும் வலுவான டிரெமெக் கியர்பாக்ஸ் இருந்தால் கட்டியவர் யோசித்திருக்கிறார்.

நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஏதோ தொல்லை இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆயில் பிரஷர், முதல் புகையின் நிறம், வால்வு சத்தம் எல்லாம் வழக்கமான பழைய காருக்குப் பார்ப்பதுதான்.

பெட்ரோலும் ஒயரிங்கும்

ரெப்ளிகாக்கள் எரிந்துபோவதற்கு இந்த இரண்டும்தான் பெரும்பாலும் காரணம். ரப்பர் பெட்ரோல் குழாய்களை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அல்லது கல்லைப் போல இறுகியிருந்தால் ஓட்டுவதற்கு முன்பே மாற்ற வேண்டும். பீட்டில் எஞ்சின் வண்டிகளில் இது இன்னும் அவசரம், ஏனென்றால் கார்புரேட்டர் சூடான எஞ்சினின் தலைக்கு மேலேயே இருக்கிறது. குழாய் எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிறதா, கிளிப் போட்டுக் கட்டியிருக்கிறதா?

ஃபைபர்கிளாஸ் மின்சாரம் கடத்தாது. ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் மீட்டருக்கும் தனி எர்த் ஒயர் தேவை. மங்கலாக எரியும் விளக்கும், இண்டிகேட்டர் போட்டால் ஆடும் பெட்ரோல் முள்ளும் எர்த் குறையின் அடையாளம். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் பாருங்கள். ஒரே நிற ஒயர்கள் பந்தாகச் சுருண்டு டேப்பில் கட்டியிருந்தால், அதை முழுதாகப் பிடுங்கிப் புதிதாகப் போடும் செலவை இப்போதே விலையில் கழித்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

ஓட்டும் முன் உட்கார்ந்து பாருங்கள், நீங்கள் வழக்கமாகப் போடும் ஷூவோடு. கோப்ராவின் பெடல் குழி குறுகலானது. பிரேக்கை மிதிக்கும்போது ஆக்சிலரேட்டரும் சேர்ந்து இறங்கினால் அதைச் சகித்துக்கொண்டு ஓட்ட முடியாது. பக்கவாட்டு எக்ஸாஸ்ட் உள்ள வண்டியிலிருந்து இறங்கும்போது காலைத் தள்ளி வைக்கவும். சுட்ட தழும்பு இந்தக் கூட்டத்தில் ஒரு பெருமைச் சின்னம், ஆனால் தேவையில்லாதது.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். குறைவாக ஓடும் வண்டிகளில் டயர் பூ தேயாமலே ரப்பர் கல்லாகிவிடும். பத்து வயது டயரில் வேகச் சோதனை வேண்டாம். நடுவில் ஒரே பெரிய நட்டு வைத்த சக்கரங்களில் இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை எதிரெதிர். மாற்றி மாட்டியிருந்தால் ஓட ஓடத் தளரும்.

சாலையில் முதலில் பிரேக். ஆளில்லாத, உலர்ந்த இடத்தில் குறைந்த வேகத்திலிருந்து தொடங்கி அழுத்திப் பாருங்கள். பின் சக்கரம் முன்னதை முந்திக்கொண்டு சுழலாமல் பூட்டிக்கொண்டால் ஆபத்து. சக்கர இடைவெளி குறைந்த வண்டி நொடியில் சுழன்றுவிடும். பெரும்பாலும் ஒரு காரின் மாஸ்டர் சிலிண்டரையும் (பெடல் அழுத்தும் பிரேக் பம்ப்) இன்னொரு காரின் காலிப்பரையும் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) சேர்த்ததால் வரும் கோளாறு இது. பிறகு சற்றே மேடுபள்ளமான சாலை. ஸ்டியரிங்கை அசைக்காமலே வண்டி பள்ளத்துக்குப் பள்ளம் திசை மாறினால், ஸ்டியரிங் ராக்கின் (சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்) நீளமும் உயரமும் சஸ்பென்ஷன் கைகளோடு ஒத்துப்போகவில்லை. “இந்த மாதிரி காரெல்லாம் இப்படித்தான்” என்று விற்பவர் சொல்வார். அப்படி இல்லை.

திரும்பி வந்ததும் எஞ்சினை நிறுத்த வேண்டாம். பானெட்டை மூடியபடி இருபது நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஃபேன் ஓட ஆரம்பித்து வெப்ப முள் ஓரிடத்தில் நிற்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் நெரிசலில் இந்த வண்டியோடு சாலையோரத்தில் நிற்பீர்கள். அப்புறம் மறுபடி அடியில் பாருங்கள், புதிய கசிவு ஏதும் உண்டா என்று.

விலை பேசுவது

கட்டியவர் ரசீதுகளைக் கூட்டி ஒரு தொகை சொல்வார். அந்த ரசீதுகள் உண்மையாகவே இருக்கும், ஆனாலும் சந்தை அதைக் கொடுக்காது. அவர் செலவிட்ட மணிநேரங்களுக்கு யாரும் பணம் தருவதில்லை. இது வாங்குபவருக்கு லாபம், அதனால் கறாராகப் பேசினாலும் மரியாதையாகப் பேசுங்கள். ஒப்பிட வேண்டியது அதே தயாரிப்பின் பிற வண்டிகள் உண்மையில் விற்ற விலைகளோடு, கேட்கும் விலைகளோடு அல்ல. பேர் தெரியாத கிட், கம்பெனியே மூடிவிட்டது என்றால் விண்ட்ஷீல்டு உடைந்தால் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்குப் பதில் வராமல் எந்த விலையும் மலிவல்ல. ‘90 சதவீதம் முடிந்தது’ என்று வரும் அரைகுறை வண்டிகளை, கட்டுவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவருக்கு விட்டுவிடுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் பாலிசி தருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் ‘ரெப்ளிகா’ என்ற சொல்லும் தயாரிப்பாளர் பெயரும் கட்டி முடித்த ஆண்டும் எஞ்சின் எண்ணும் இருக்கட்டும். பாகப் பட்டியலும் படங்களும் காரோடு சேர்ந்தவை என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். வண்டி வீட்டுக்கு வந்ததும் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், பெட்ரோல் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றி, சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சக்கரம் ஆகியவற்றின் ஒவ்வொரு நட்டையும் டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்தக் கோடுகள் நகர்ந்திருக்கின்றனவா என்று மறுபடி பாருங்கள்.